‘நடைப்பயிற்சி போதும்’ என்று சொல்லிவிட முடியாது

மாத்திரை இல்லாமலே மனச்சோர்வைச் சரிசெய்யலாம், நடைப்பயிற்சி போதும் என்கிறது நீங்கள் வெளியிட்ட கட்டுரை. நான் மாத்திரை இல்லாமல் மீண்டவன்தான். ஆனாலும் அந்தப் ‘போதும்’ என்னை உறுத்துகிறது.

குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. மழை பிடித்தால் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும். ஒரு ஜூன் மாதம் அப்படிப் படுத்தவன், வேலை தொடங்கிய பிறகும் எழவில்லை. குளிக்கக்கூட மனம் வரவில்லை. நாகர்கோவிலில் பார்த்த மருத்துவர், ஆரம்பநிலைதான் என்று மாத்திரை எழுதாமல் ஆலோசகரிடம் அனுப்பினார். ஆலோசகர் சொன்னது இதுதான்: மனம் வரட்டும் என்று காத்திருக்காதே, நேரம் குறித்து ஒரு காரியம் செய், பிறகு மனம் எப்படி இருந்தது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு எழுது. முதல் வாரம் முழுக்க ஒன்றும் இரண்டும்தான். “வா மக்களே, சந்தைக்குப் போய் சாளை மீன் வாங்கிட்டு வருவோம்” என்று அம்மா கூட்டிப்போன அன்று நான்கு போட்டேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

என் சித்தி மகளுக்கு வந்தது கடுமையான மனச்சோர்வு. மாத்திரையில் தேறியவள், யாரிடமும் கேட்காமல் சட்டென்று நிறுத்தினாள். தலைசுற்றல், தூக்கமின்மை, அப்புறம் பழைய நிலையே திரும்பிவிட்டது. மருத்துவர் சொல்லித்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இந்த ஒரு வரியையாவது கட்டுரையில் சேருங்கள். கூடவே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐயும் போடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.