எல்லிஸ் தீவின் ஆனி மூர் டெக்சாஸில் இறக்கவில்லை

1892 ஜனவரி 1-ஆம் தேதி நியூயார்க்கின் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையத்தில் முதலில் பதிவான அயர்லாந்துப் பெண் ஆனி மூர், பின்னர் டெக்சாஸுக்குச் சென்று 1923-இல் டிராம் வண்டி மோதி இறந்ததாக ஒரு தகவல் இப்போதும் பகிரப்படுகிறது. அது தவறு.

டெக்சாஸில் இறந்தவர் அதே பெயருடைய வேறொரு பெண். அவர் இல்லினாய்ஸில் பிறந்தவர் என்பதை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவே காட்டியது. கார்க் நகரிலிருந்து இரண்டு தம்பிகளுடன் 'நெவாடா' கப்பலில் வந்த உண்மையான ஆனியோ, மன்ஹாட்டனின் கிழக்குப் பகுதியிலேயே வாழ்ந்து, ஜெர்மானிய வம்சாவளியைச் சேர்ந்த ஜோசப் ஷேயரை மணந்து, 1924-இல் இறந்து, குயின்ஸ் பகுதியின் கால்வரி கல்லறையில் அடக்கமானார் என்பது 2006-இல் உறுதியானது. அந்தக் கல்லறைக்கு 2008 வரை பெயர் பொறித்த கல்கூட இல்லை.

வந்த அன்று அவருக்குப் பதினைந்தாவது பிறந்தநாள் என்பதும் சரியல்ல. அவர் பிறந்தது 1874-இல். மூர் என்பது அயர்லாந்தில் மிகச் சாதாரணமான குடும்பப் பெயர் என்பதால், பெயர் ஒன்றை மட்டும் நம்பி முடிவுக்கு வருவது ஆபத்தானது. கப்பல் பயணிகள் பட்டியலை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவுகளிலும், திருமண, இறப்புப் பதிவுகளை நியூயார்க் நகராட்சி ஆவணக் காப்பகத்திலும் தேடிப் பார்க்கலாம். பழைய செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலும் பகிராதீர்கள்.