தாழ்வாரத் தூணைச் சிமென்ட்டில் புதைக்காதீர்கள்

புதுச்சேரியில் தமிழர் பகுதிப் பழைய வீடுகளை இடிக்கும்போதெல்லாம் ஒரே காரணம்தான் சொல்கிறார்கள்: "மரம் உளுத்துப்போச்சு, இனி தாங்காது." கிட்டே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் உளுத்திருப்பது தூணின் அடியில் ஒரு சாண், உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையில் ஒரு சாண். நடுமரத்தில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். அதற்காக வீட்டையே இடிப்பது அநியாயம்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1800களில் கட்டிய மரப்பாலங்கள் பலவற்றுக்கு வீடு மாதிரி கூரை உண்டு. நனையக் கூடாது என்று அவர்கள் நினைத்தது பாலத்தைத் தாங்கும் மரச்சட்டங்களை. நம் தச்சர்களுக்கும் இது தெரிந்திருந்தது. நாட்டு ஓட்டுத் தாழ்வாரத்தைத் தெருப்பக்கம் இறக்கினார்கள். தூணைக் கல் மேல் நிறுத்தினார்கள், மரம் மண்ணைத் தொடவில்லை.

கெடுத்தது பிற்பாடு வந்த வேலை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்தது. மழைத்தண்ணீர் திண்ணைக்கு வந்தது. திண்ணையைச் சிமென்ட் போட்டு உயர்த்தினார்கள். கல்லோடு சேர்ந்து தூணின் அடியும் உள்ளே போனது. அங்கே தேங்கும் ஈரம் காய வழியில்லை, கறையானுக்கும் மறைவான பாதை கிடைத்துவிடுகிறது.

முதலில் தூணைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குச் சிமென்ட்டை உடைத்தெடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கையழுத்தத்திலேயே அரை அங்குலம் இறங்கினால் அந்த இடம் போய்விட்டது. தூணுக்கு இரண்டு பக்கமும் உத்திரத்தின் அடியில் ஜாக்கி வைத்து, பாரம் தூணை விட்டு நீங்கும் அளவுக்கு மட்டும் ஏற்ற வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் சுவர் விரியும், ஓடு நழுவும். கெட்ட மரத்தை நல்ல மரம் தென்படும் வரை அறுத்துவிட்டு, பழைய தேக்கில் ஒட்டுப் போடலாம். ஒரு அடிக்குள் முடிகிற சேதம் என்றால் அறுத்த உயரத்துக்குக் கருங்கல்லையே வைத்துவிடுவது மேல் என்பேன். உத்திர முனையைச் சுற்றிச் சிமென்ட் அடைத்திருந்தால் அதையும் எடுத்துவிட்டு, காற்றுப் போக விரல் அளவு இடைவெளி விடுங்கள்.

மெட்ராஸ் டெரஸ் மாடியில் நடப்பது இன்னும் மோசம். தேக்கு உத்திரம், குறுக்குக் கட்டைகள், அவற்றின் மேல் குத்தாக நிறுத்திய சின்னச் செங்கல், செங்கல் ஜல்லி கலந்த சுண்ணாம்பு, கடைசியாகத் தட்டோடு. ஒழுகியதும் இதன் மேல் ஒரு அங்குலம் சிமென்ட் பூசுகிறார்கள். நூறு சதுர அடிக்கு அது ஏறக்குறைய அரை டன் பாரம்! மரம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அசையும். சிமென்ட் அசையாது, வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய தண்ணீர் கீழேயே தங்கி உத்திரத்தைத் தின்னும். தட்டோட்டு இடுக்குகளைக் கீறிச் சுண்ணாம்பு அடைத்து, தண்ணீர் போகும் தூம்பைச் சுத்தம் செய்து, அரசங்கன்று இருந்தால் வேரோடு எடுங்கள். மேலே மட்டும் வெட்டினால் வேர் தடித்துச் சுவரைப் பிளக்கும்.

கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி மன்றமாக இருந்த பழைய மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. அதே வடிவில் கட்டித் திறக்க 2021 ஆயிற்று. அரசுக்கு அந்த வசதி உண்டு. மிஷன் வீதிக்கு மேற்கே திண்ணை வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு இல்லை. அதனால் நகராட்சி இந்தத் தெருக்களில் பழைய தாரைச் சுரண்டிய பிறகே புதுத்தார் போட வேண்டும். வீட்டுக்காரர்கள் சுண்ணாம்பு வேலையை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பூசியது இறுகுவதற்குள் கரைந்து ஓடிவிடும்.