பிடித்துக்கொண்ட ஸ்டியரிங் கிளட்சை உதைத்து எடுக்காதீர்கள்

"லீவரை இழுத்துக் கட்டு, பிரேக்கை மிதி, கியரைப் போட்டு ஒரு வெட்டு வெட்டு. தானா விட்டுடும்." பழைய டோசரில் ஸ்டியரிங் கிளட்ச் பிடித்துக்கொண்டால் யாரைக் கேட்டாலும் சொல்லும் வைத்தியம் இது. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

எங்கள் கேட்டர்பில்லர் டி4, 1950களின் வண்டி, கொட்டகையில் நான்கு மழைக்காலம் சும்மா நின்றது. எடுத்து ஓட்டி வலது லீவரை இழுத்தால் வலப்பக்கம் திரும்பியது. இடது லீவரை இழுத்தால் நேராகவே போனது.

இதில் பக்கத்துக்கு ஒரு கிளட்ச். லீவரை இழுத்தால் அந்தப் பக்கச் செயினுக்கு விசை நிற்கும், மறுபக்கம் தள்ள வண்டி திரும்பும். இழுக்காத நேரமெல்லாம் ஸ்பிரிங்குகள் தகடுகளை இறுக்கியே வைத்திருக்கும், வண்டி நிற்கும்போதும். சீட்டுக்கடியில் ஒழுகிய தண்ணீர் உள்ளே இறங்கினால் தகடுகள் துருவோடு ஒட்டிக்கொள்ளும்.

வெட்டினால் சில சமயம் விடும்தான். ஆனால் அந்த உதை விழுவது இன்ஜின் விசையை இரு பக்கமும் திருப்பிவிடும் பெவல் கியரிலும், செயினைச் சுற்றவைக்கும் கடைசிக் கியரான பைனல் டிரைவின் பற்களிலும். விட்டாலும் துரு உள்ளேயே இருந்து, தகடுகளில் பிடிமானத்துக்கு ஒட்டியிருக்கும் பேஸிங்கை அரம் போல ராவும். இறக்கத்தில் இன்னும் மோசம். அங்கே இடது லீவரை மட்டும் இழுத்தால், பிடி விட்ட இடது செயின் முந்திக்கொண்டு வண்டி வலப்பக்கம் திரும்பும். அந்த நேரத்தில் கிளட்ச் விடுமா விடாதா என்று தெரியாமல் ஒரு டிரைவரை உட்கார வைக்க எனக்கு மனம் வராது.

அதனால் பிரித்தோம். டார்ச் அடித்துப் பார்த்த மாமா, "காத்தடிச்சு ஊதாத மாப்ளே" என்றார். சரியான பேச்சு. அந்தக் காலத்து பேஸிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது வழக்கம். ஈரத்துணியால் துடைத்தோம். ஸ்பிரிங் அழுத்தத்தை நீளமான போல்ட்டுகள் போட்டு, சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம். இங்கே அவசரப்பட்டால் கை போய்விடும்.

இரும்புத் தகடுகளைச் சலவை சோடா கரைத்த தண்ணீரில் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவைத் தகட்டிலும் பாசிட்டிவை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் கொடுத்தோம். எவர்சில்வர் துண்டு போடக்கூடாது, தண்ணீர் விஷமாகிவிடும். திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும், ஹைட்ரஜன் வரும். மறுநாள் துரு கருப்புச் சேறாகி, பிரஷ் பட்டதும் உதிர்ந்தது. அப்புறம் தகடுகள் கோத்து நிற்கும் டிரம்மின் பற்களை விரலால் தடவிப் பார்த்தேன். தகடுகள் வருஷக்கணக்காக இடித்த இடத்தில் சின்னச் சின்னப் பள்ளம். அதைச் சமன் செய்யாமல் புதுத் தகடு போட்டாலும் அதே இடத்தில் சிக்கும்.

இப்போது வண்டியை நிறுத்தும்போது இரண்டு லீவரையும் இழுத்துக் கட்டைகொடுத்து வைக்கிறோம். உள்ளே தண்ணீர் தங்காமலிருக்க கிளட்ச் அறையின் அடிப் பிளக்கைக் கழற்றி, கம்பியில் கோத்து லீவரிலேயே தொங்கவிட்டிருக்கிறேன். எடுக்க வருகிறவர் கண்ணில் முதலில் அது படும்.