ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கட்டும்

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஆளுக்கொரு ஃபோன் வாங்கிக் கொடுப்பதைவிட, ஹாலில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர் வைப்பது நல்லது. இதை நான் அலுவலகத்தில் சொல்கிறேன், அபார்ட்மென்ட்டில் சொல்கிறேன், கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியிலும் சொல்லியிருக்கிறேன். "இந்தக் காலத்துல யாருங்க டெஸ்க்டாப் வாங்குறாங்க?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கு நின்றுகொண்டே பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் பெங்களூர் முருகேஷ்பாளையாவில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் ஐ.டி. வேலை. மகள் எட்டாவது, மகன் மூன்றாவது. அத்தையும் எங்களோடுதான் இருக்கிறார். ஹாலில், சமையலறை வாசலைப் பார்த்தபடி திரை இருக்கும் மாதிரி ஒரு மேசை போட்டு, அதில் வீட்டுக் கம்ப்யூட்டரை வைத்திருக்கிறோம். எங்கள் அலுவலக லேப்டாப்புகள் இந்தக் கணக்கில் வராது. அதில் பிள்ளைகள் கை வைக்கக் கூடாது. பாடம் படிக்கக்கூட அதைக் கொடுப்பதில்லை.

முதலில், படிப்பு விஷயம். ஃபோனிலேயே வளர்ந்த பிள்ளைகளிடம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. மகளின் தோழி ஒருத்தி பிராஜெக்ட் செய்ய வீட்டுக்கு வந்திருந்தாள். கெட்டிக்காரப் பெண். டவுன்லோடு பண்ணிய படம் எங்கேம்மா என்று கேட்டேன். "வாட்ஸ்அப்ல இருக்கு ஆன்ட்டி" என்றாள். வாட்ஸ்அப்பில் எங்கே என்றால், "மேல போனா வரும்." அவள் மேல் குற்றமில்லை. ஃபோனைச் செய்தவர்கள் அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். ஆப் திறந்தால் பொருள் வரும். அது எங்கே சேமிக்கப்படுகிறது, எவ்வளவு இடம் பிடிக்கிறது, இன்னொரு பிரதி உண்டா என்பதெல்லாம் நம் கண்ணில் படாது.

கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. ஒரு ஃபோல்டர் போட வேண்டும். அதற்கு ஒரு பெயர் யோசிக்க வேண்டும். மகன் படமெல்லாம் டக்ஸ் பெயின்ட்டில்தான் வரைகிறான். 2002-ல் வந்த இலவச மென்பொருள் அது. இன்றைக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல வரைபலகை எனக்குத் தெரியவில்லை. விளம்பரம் கிடையாது, உள்ளே காசு கேட்காது, நெட் இல்லாமலே ஓடும். வரைந்ததை மாத வாரியாக ஃபோல்டரில் எடுத்துப் போடுவது அவன் பொறுப்பு. பொருளுக்கு ஓர் இடம் உண்டு, எடுத்தால் திரும்ப அங்கேயே வைக்க வேண்டும் என்பது அவனுக்குப் புத்தக அலமாரியில் வருவதற்கு முன்னால் இங்கே வந்துவிட்டது. மகள் பிராஜெக்ட்டை லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளில் அடிக்கிறாள். தலைப்பு, உள்தலைப்பு, அட்டவணை எல்லாம் அவளே போடுகிறாள். ஆறு அங்குலத் திரையில் கட்டைவிரலால் இதைப் பழக முடியாது. ஃபோன் பார்ப்பதற்கு நல்ல கருவி. ஒன்றைச் செய்து பார்க்க, பிரித்துப் பார்க்க, திருத்திப் பார்க்க வேண்டுமென்றால் கீபோர்டு வேண்டும்.

அடுத்தது தமிழ். வெளியூரில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தமிழ் கிடையாது. கன்னடம் படிக்கிறார்கள். இங்கே வாழ்கிறவர்கள் அதைப் படிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தமிழை வீட்டில் யார் சொல்லிக்கொடுப்பது? அத்தைதான். அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கும் தமிழ்ச் சங்க நூலகத்துப் புத்தகங்கள் ஒரு துணை என்றால், இந்தக் கம்ப்யூட்டர் இன்னொரு துணை. தமிழ்நாடு அரசின் பள்ளிப் பாடநூல்கள் பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்ப் புத்தகங்களை இறக்கி ஒரே ஃபோல்டரில் வைத்திருக்கிறோம். பெரிய திரையில் எழுத்து தெளிவாகத் தெரிவதால் அத்தைக்கும் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை. அவர் தனக்கென்று படிப்பது மதுரைத் திட்டத்தில் உள்ள பழைய நூல்கள். 1998-லிருந்து தன்னார்வலர்கள் அடித்துச் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியம் அது.

பிள்ளைகளுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழக்குங்கள் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு. உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கைப் பக்கம். மெய் வரிசை பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு விசை போதும். புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையில் பிள்ளை முதலில் ஆங்கிலத்தில் கூட்ட வேண்டும். தமிழ்99-ல் தமிழ் எழுத்தாகவே மனதில் ஓடும். மெய்யோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய் என்பது என் மகனுக்குப் பாடமாகச் சொல்லாமலே புரிந்தது. ‘ம’வுக்குப் பிறகு எந்த உயிரைத் தட்டினால் என்ன வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான், அவ்வளவுதான். விண்டோஸிலும், இலவச இயங்குதளமான லினக்ஸிலும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, "அதுல ஏதாவது கண்டதைப் பார்த்துட்டா?" என்று கேட்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் அதற்கு வேவு பார்க்கும் ஆப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். பிள்ளை எதைப் பார்க்கிறாள், யாரோடு பேசுகிறாள் என்று பின்னாலிருந்து படித்துக்கொண்டிருந்தால், ஒரு நாள் அவளுக்குத் தெரியத்தான் செய்யும். அன்றோடு அவள் நம்மிடம் எதையும் சொல்லமாட்டாள். நமக்கு வேண்டியது அவள் வந்து சொல்வது. ஹாலில் இருக்கும் திரையை யாரும் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. நான் குழம்பு வைத்துக்கொண்டு இரண்டு தடவை குறுக்கே போவேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். "அம்மா, இது என்னமோ வந்துச்சு, பாரு" என்று அவளாகவே கூப்பிடுகிறாள். கதவைச் சாத்திய அறைக்குள் கையில் ஃபோனோடு இருந்தால் அந்தக் கூப்பிடல் வருமா?

இடம் சரியாக அமைந்த பிறகு சில வேலைகள் செய்ய வேண்டும். ஆளுக்கொரு தனிக் கணக்கு போடுங்கள். பிள்ளைகளின் கணக்குக்கு அட்மின் உரிமை வேண்டாம். அப்போது எந்த மென்பொருளைப் போட்டாலும் பெரியவர்களின் பாஸ்வேர்டைக் கேட்கும். பெரும்பாலான வில்லங்கம் அதிலேயே நின்றுவிடும். அப்புறம் ரூட்டரின் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை) இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்று மாற்றுங்கள். கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனம் 2020-ல் குடும்பங்களுக்காக இலவசமாகக் கொடுத்தது. வைரஸ் பரப்பும் தளங்களையும் ஆபாசத் தளங்களையும் பெயர் தேடும் கட்டத்திலேயே தடுத்துவிடும். வீட்டு வைஃபையில் இருக்கும் எல்லாக் கருவிக்கும் பொருந்தும். ஃபோன் மொபைல் டேட்டாவுக்கு மாறினால் இது செல்லாது. அதனாலும்தான் ஹால் கம்ப்யூட்டர் என்கிறேன்.

பாஸ்வேர்டு பற்றி ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்று, ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி போடு என்று இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பே 2017-ல் அந்த அறிவுரையைக் கைவிட்டுவிட்டது. நீளம்தான் முக்கியம். சம்பந்தமில்லாத நாலைந்து சொல்லைச் சேர்த்து ஒன்று வைத்தால் போதும், கசிந்ததாகத் தெரிந்தால் மட்டும் மாற்றினால் போதும். ஒரு தளத்துக்கு வைத்ததை இன்னொன்றுக்கு வைக்கக் கூடாது. அத்தனையையும் நினைவில் வைக்கும் வேலையை பிட்வார்டன், கீபாஸ் எக்ஸ்சி போன்ற பாஸ்வேர்டு சேமிக்கும் மென்பொருள் ஒன்றிடம் விட்டுவிடலாம்.

பணம் சம்பந்தமாக எங்கள் வீட்டில் ஒரே ஒரு விதி: யார் எந்த அவசரம் சொன்னாலும், தனியாக ஃபோனில் முடிவெடுக்கக் கூடாது. ஹாலுக்கு வர வேண்டும், இன்னொருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அத்தைக்கு ஒரு நாள், "உங்க ஆதார்ல பார்சல் பிடிபட்டிருக்கு, வீடியோ காலைக் கட் பண்ணக் கூடாது" என்று ஒருவன் பேசினான். "என் மருமக வரட்டும், ஹால்ல உட்கார்ந்து பேசலாம்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். இப்படி வீடியோ காலிலேயே கைது என்று மிரட்டும் மோசடியை ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்கிறார்கள். அப்படிச் சட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே மன் கி பாத்தில் இதைச் சொன்னார். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. யூபிஐ-யில் பணம் வாங்க பின் நம்பர் தேவையில்லை என்பதை வீட்டில் வேலை செய்கிற அக்காவிடமும் சொல்லிவையுங்கள்.

ஃபோட்டோக்கள். கூகுள் ஃபோட்டோஸில் அளவில்லாமல் இலவசம் என்பது 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது மெயில், டிரைவ், ஃபோட்டோ எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லார் ஃபோனையும் கேபிளில் மாட்டி ஹால் கம்ப்யூட்டரில் இறக்கிவிடுகிறோம். அங்கிருந்து ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி. இன்னொரு ஹார்ட் டிஸ்க் ஓசூரில் நாத்தனார் வீட்டில் இருக்கிறது, போகும்போது மாற்றி எடுத்து வருவோம். மூன்று பிரதி, இரண்டு விதமான சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில் என்பார்கள். வருஷக்கணக்கில் பீரோவில் கிடக்கப்போகும் பிரதிக்கு, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வேண்டாம். மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதில் தரவு அழியலாம். பழைய மாதிரி ஹார்ட் டிஸ்க்கே மேல்.

இதற்கெல்லாம் புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததும் எத்தனை நல்ல லேப்டாப்புகள் பரணுக்குப் போயின! 2017-க்கு முந்தைய புராசஸர்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. அதற்காக மெஷின் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அதே இணைப்பில் பொருந்தும் ஒரு சாட்டா எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போட்டால் 4 ஜிபி ரேமிலேயே வீட்டு வேலை நன்றாக ஓடும். பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, வைஃபை, சவுண்டு, கேமரா எல்லாம் வேலை செய்தால் அப்புறம் நிறுவலாம். திரை சின்னதாக இருந்தால் ஒரு மானிட்டரும் கீபோர்டும் மாட்டிவிடுங்கள், டெஸ்க்டாப் தயார். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அதைக் குத்தவோ அமுக்கவோ கூடாது. கடைக்காரரிடம் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள். அந்த பேட்டரி மின்கழிவுக்குத்தான் போக வேண்டும், குப்பைத்தொட்டிக்குப் போகக் கூடாது.

மழைக்காலத்தில் நம்ம ஊர் கரண்ட் பற்றித் தெரியும்தானே. ரூட்டருக்குத் தனியாக ஒரு சின்ன யூபிஎஸ் வைத்தால் நெட் நிற்காது.

இந்தச் சாமான்களெல்லாம் கிடைக்கும் பெங்களூர் கம்ப்யூட்டர் சந்தையான எஸ்பி ரோடுக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். டவுன் ஹால் பக்கம் வண்டியை விட்டுவிட்டு நடப்பது மேல். பழைய மானிட்டர் வாங்கினால் அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைத் திரையை வைத்துப் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்டிக்குப் பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குங்கள். முருகேஷ்பாளையா, தொம்மலூர் பக்கம் யாராவது இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள். மின்ட் ஏற்றிய பென்டிரைவ் என்னிடம் இருக்கிறது, சனிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளலாம்.