ஆஃபர் லெட்டரைக் காட்டி மிரட்டாதீர்கள்

செப்டம்பர் வந்தாலே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம் வீடுகளில் ஒரே கதைதான். மெட்ரிக், அதாவது கிரேடு 12 படிக்கும் பிள்ளைக்கு யூனிவர்சிட்டியிலிருந்து ப்ரொவிஷனல் (தற்காலிக) ஆஃபர் வந்திருக்கும், அதை வாட்ஸ்அப்பில் சொந்தம் முழுக்க அனுப்பியாகியிருக்கும், பெரியப்பா வாழ்த்தும் சொல்லியிருப்பார். அப்புறம் ட்ரையல்ஸ், அதாவது இறுதித் தேர்வுக்கு முன் பள்ளியில் வைக்கும் ஒத்திகைப் பரீட்சை மார்க் வரும். கணக்கில் 70 எடுத்த பிள்ளை 52. "சீட் கிடைச்சதும் தலைக்கனம் வந்துடுச்சு" என்று ஆரம்பித்துவிடுவோம்.

வார இறுதியில் சில பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். மெத்தனமாகிவிடுகிற பிள்ளைகளும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நான் அதிகம் பார்ப்பது பயம். அந்த ஆஃபர் பெரும்பாலும் கிரேடு 11 மார்க்கை வைத்து வந்தது, ஜனவரியில் ரிசல்ட் வந்தால்தான் இடம் உறுதி என்பது பிள்ளைக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். இன்னும் கைக்கு வராத ஒன்றுக்கு ஊரே வாழ்த்துச் சொல்லிவிட்டது, இனி அது போனால் யார் முகத்தில் விழிப்பது? இந்த நிலையில் புத்தகத்தைத் திறக்கவே கை வராது.

முதலில் பிள்ளையோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். பெரும்பாலான பாடங்களில் இறுதி மார்க்கில் 75% நவம்பர் பரீட்சைக்கு, 25% மட்டும்தான் வருடம் முழுக்கப் பள்ளியில் எடுத்ததற்கு. ட்ரையல்ஸ் அந்த 25-க்குள் ஒரு பங்கு, அவ்வளவுதான். அடுத்தது, எங்கே விழுந்தது? அல்ஜீப்ரா, கால்குலஸ் வரும் முதல் பேப்பரிலா, ஜியோமெட்ரியும் ட்ரிக்கும் (ட்ரிக்னாமெட்ரி) வரும் இரண்டாவதிலா? நான் பார்த்தவரை பாதிப் பேருக்கு ஜியோமெட்ரி ஒன்றுதான் காலை வாருகிறது. ஓட்டை அங்கே இருக்க, எல்லாப் பாடத்துக்கும் புதிதாக ட்யூஷன் வைப்பது, கோபித்துக்கொள்ளாதீர்கள், உதவி என்ற பெயரில் தண்டனை. கல்வித்துறை தளத்தில் பழைய கேள்வித்தாள்களும் மெமோவும் (விடைக்குறிப்பு) இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு பேப்பரை நேரம் வைத்து எழுதி, மெமோவோடு தானே திருத்திப் பார்க்கட்டும்.

மார்க் எல்லாப் பாடத்திலும் ஒன்றாகச் சரிந்தால், தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை என்றால் அது படிப்புப் பிரச்சினையே இல்லை. ட்யூஷனை விடுங்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வகுப்பாசிரியரிடமும் இப்போதே சொல்லிவையுங்கள். "வெளியே தெரிந்தால் அசிங்கம்" என்று மூடி மறைத்து, டிசம்பரில் போய் நின்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, ஜனவரியில் மார்க் போதவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மே, ஜூனில் திரும்ப எழுத வழி இருக்கிறது, வருடம் தள்ளிப்போகலாம், பிள்ளை போய்விடவில்லை. இதைப் பரீட்சைக்கு முன்னாலேயே அவனிடம் சொல்லிவிடுங்கள். சொன்னால் படிக்கமாட்டான் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நான் பார்த்த பிள்ளைகள், இதைக் கேட்ட பிறகுதான் நிம்மதியாக உட்கார்ந்து படித்தார்கள்.

அப்புறம் இந்தப் புரட்டாசி பூஜைக்கு வரும் சொந்தக்காரர்கள். "எந்த யூனிவர்சிட்டி, எவ்வளவு பாயிண்ட்?" என்று கேட்டால் பதில் சொல்வது அப்பா அம்மா வேலை. பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்தாதீர்கள்.