வீட்டுக்கு வரும் ஓட்டும், பூத்துக்குப் போகும் வழியும்

தேர்தல் பேச்சு எடுத்தாலே என்னிடம் ஒரு கேள்வி வந்துவிடும். "உங்களுக்குத்தான் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குறாங்களே, அப்புறம் என்ன?" கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். போன தேர்தலில் குமரி மாவட்டத்தில் உள்ள எங்கள் பூத் வாசலில் நின்ற ஒரு கட்சி ஏஜென்ட் அண்ணாச்சியும் அதையேதான் சொன்னார்: "எதுக்கு மக்கா இந்தப் பாடு பட்டு வந்தே? ஒரு வார்த்தை சொன்னா வீட்டுக்கே வருவாவளே!"

எனக்கு இரண்டு காலிலும் போலியோ. காலிப்பர், ஊன்றுகோல், சைடு வீல் வைத்த ஸ்கூட்டர், இவ்வளவையும் வைத்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போகிறேன், தக்கலைச் சந்தைக்குப் போகிறேன், கல்யாண வீட்டில் பந்தியில் உட்காருகிறேன். ஓட்டுப் போட மட்டும் நான் ஏன் வீட்டில் காத்திருக்க வேண்டும்?

வீட்டு ஓட்டை நான் குறை சொல்லவில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கும், பேச்சிப்பாறை அணைக்கு அந்தப் பக்கம் மலைக் குடியிருப்பில் நடக்க முடியாமல் இருப்பவருக்கும் அது பெரிய விஷயம். 2019ல் விதியைத் திருத்தி, 2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு வந்தது. 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்று சான்று உள்ளவர்களும் மூத்தவர்களும் 12டி படிவம் எழுதிக் கொடுத்தால் ஆட்கள் வீடு தேடி வருவார்கள். மூத்தவர்களுக்கு முதலில் 80 வயது என்று இருந்தது, இப்போது 85.

ஆனால் அதில் உள்ள சங்கதியை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. தேர்தல் அறிவிக்கை வந்து 5 நாளுக்குள் படிவம் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அப்புறம் பூத்துக்குப் போய் ஓட்டுப் போட முடியாது. அதிகாரி, போலீஸ், வீடியோ எடுப்பவர், கட்சி முகவர்கள் என்று ஒரு கூட்டமே முற்றத்துக்கு வரும். நம் ஊரைப் பற்றித்தான் தெரியுமே, இடவழியில் ஒரு புது ஜீப் நுழைந்தாலே நாலு வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள். இதற்கு நடுவில், மகனும் மருமகளும் நிற்கிற அறையில், ஒரு வயதான அம்மா ஓட்டுத் தாளில் குறி போட வேண்டும். மறைவாகப் போட வைக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆனால் அறைக்குள் இருக்கிற மகனை வெளியே போகச் சொல்ல அந்த அம்மாவுக்கு வாய் வருமா?

ஊரோடு வரிசையில் நின்று, யாருக்கும் தெரியாமல் ஓட்டுப் போடுவதுதான் தேர்தல் என்று நினைக்கிறேன். மாற்றுத்திறனாளிகளில் பலருக்கு இந்த இரண்டுமே கிடைப்பதில்லை. என் ஆதங்கமெல்லாம் இதுதான்.

முதலில் வரிசைக்கு வருவோம். நம் மாவட்டத்தில் பூத் பெரும்பாலும் பள்ளிக்கூடம். பழைய கட்டிடம், ரெண்டு மழைக்காலத்துக்கும் தாங்கும்படி உயர்த்திக் கட்டிய வராந்தா. பாதிப் பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கும். வாசலில் இருந்து வராந்தா வரை சரல் ஏற்றம், அப்புறம் படி. கணக்கு ரொம்ப எளிது: 1 அடி உயரம் ஏற 12 அடி நீளத்துக்குச் சாய்வுதளம் வேண்டும். அரையடிப் படி நாலு இருந்தால் உயரம் 2 அடி, சாய்வுதளம் 24 அடி. நான் பார்த்த ராம்ப்களில் பல 6 அடி, 7 அடிதான். சிமென்டைச் சரித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு கம்பி நட்டிருப்பார்கள். சக்கர நாற்காலியில் தனியாக ஏறினால் பின்னால் மல்லாக்க விழ வேண்டியதுதான். ரெண்டு பேர் பிடித்துத் தள்ள வேண்டும். ஆனால் அறிக்கையில் 'சாய்வுதளம்: உண்டு' என்று எழுதிவிடுவார்கள். அந்தக் கட்டத்தில் நீளம் கேட்பதில்லை போலிருக்கிறது.

இது இன்று நேற்றுச் சொன்ன காரியமா? வாக்குச்சாவடியில் சாய்வுதளம் வேண்டும் என்று 2004லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 11வது பிரிவு, எல்லா வாக்குச்சாவடியும் எங்களுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்கிறது. 'முடிந்தவரை' என்ற சொல் அதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒழுங்கான ராம்ப் இருந்தால் தேர்தல் நாளில் எனக்கு மட்டுமா உதவும், அங்கே படிக்க வருகிற பிள்ளைக்கு வருஷம் முழுக்க உதவாதா?

அடுத்து ரகசியம். என் நண்பர் ஒருவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை, பிரெய்ல் நன்றாகப் படிப்பார். இயந்திரத்தில் நீலப் பொத்தான்களுக்குப் பக்கத்தில் பிரெய்லில் எண் மட்டும்தான் இருக்கும். யாருக்கு எந்த எண் என்பதற்குத் தனியாகப் பிரெய்ல் தாள் உண்டு. அதைத் தடவிப் படித்து, எண்ணை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். 2021 ஏப்ரல் 6ம் தேதி என்ன நடந்தது தெரியுமா? வசந்தகுமார் எம்.பி. காலமானதால் நம் மாவட்டத்துக்கு மட்டும் சட்டமன்றத்தோடு மக்களவை இடைத்தேர்தலும் சேர்ந்து வந்தது. ரெண்டு ஓட்டு, ரெண்டு இயந்திரம், ரெண்டு பட்டியல். அதோடு கொரோனா காலம் என்று எல்லார் கையிலும் பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டார்கள். உறை போட்ட விரலால் பிரெய்ல் புள்ளியைத் தடவிப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். நண்பர் உறையைக் கழற்றப் போக, அங்கே ஒரு சின்ன வாக்குவாதமே நடந்திருக்கிறது. 2024ல் விளவங்கோடு தொகுதிக்காரர்களுக்கு இடைத்தேர்தலால் மறுபடி ரெண்டு இயந்திரம் வந்தது, நல்லவேளை உறை இல்லை.

பிரெய்ல் தெரிந்தவர் பாடே இது. சர்க்கரை நோயால் ஐம்பது, அறுபது வயதில் பார்வை போனவர் பிரெய்லுக்கு எங்கே போவார்? துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போகலாம் என்று விதி இருக்கிறது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஒரே நாளில் ஒருவருக்குத்தான் துணை போகலாம், ரகசியம் காப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சரி. ஆனால் பொத்தானை அழுத்துவது துணைக்கு வந்தவர் கை. எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பது அவர் சொன்னால்தான் உண்டு. யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காட்டும் ஒப்புகைச் சீட்டு 7 நொடி கண்ணாடிக்குப் பின்னால் தெரியும், அதுவும் பார்வை உள்ளவருக்குத்தான். பீப் சத்தம் கேட்டால் ஓட்டு விழுந்தது தெரியும், யாருக்கு விழுந்தது என்று தெரியாது. ஹெட்போனில் வேட்பாளர் பெயரை வாசித்துக் காட்டும் வசதி செய்ய முடியாத காரியம் இல்லை. அமெரிக்காவில் 2002லேயே, பார்வையற்றவர் தானே தனியாகப் போடும்படி பூத்துக்கு ஒரு இயந்திரமாவது வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். இத்தனை கோடி இயந்திர ஓட்டுகளை எண்ணித் தள்ளும் நாட்டுக்கு இது பெரிய வேலையா?

காது கேளாதவருக்குச் சிக்கல் வேறு மாதிரி. சீட்டு தெரியும், பீப் கேட்காது. அதைவிட, உள்ளே அதிகாரி பேரையும் வரிசை எண்ணையும் சத்தமாகக் கூப்பிடுவதும் 'அந்தப் பக்கம் போங்க' என்பதும் அவருக்கு எட்டாது. சைகையில் சொல்லக் கொஞ்சம் பொறுமை போதும், ஆனால் மதிய வெயிலில் வரிசை நீளும்போது முதலில் காணாமல் போவது அந்தப் பொறுமைதான்.

மனநலம் குன்றியவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் விஷயத்தில் அதிகாரியைவிட வீட்டாரே பெரிய தடை. "அவனுக்கு எதுக்கு ஓட்டு?" என்று முடித்துவிடுகிறார்கள். சட்டப்படி தகுதியுள்ள நீதிமன்றம் ஒன்று மனநிலை சரியில்லாதவர் என்று அறிவித்தால்தான் வாக்காளர் பட்டியலில் இருந்து பேரை நீக்க முடியும். அண்ணன் சொன்னால் போதாது, மருத்துவர் சீட்டும் போதாது. 2019ல் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்குள்ளேயே வாக்குச்சாவடி அமைத்து அங்கிருந்தவர்களை ஓட்டுப் போட வைத்தார்கள். நம் மாவட்டத்து இல்லங்களில் எத்தனை பேர் பட்டியலில் இருக்கிறார்கள் என்று விசாரித்துப் பார்க்க வேண்டும்.

2025ல் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்கத் தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. கைதட்டி வரவேற்றேன், இப்போதும் வரவேற்கிறேன். கூட்டம் மாடியில் நடந்தால் என்ன செய்வார்கள் என்ற சந்தேகம் மட்டும் இருக்கிறது.

"மொத்தமே நாலு பேர் வருவாங்க, அதுக்கு இவ்வளவா?" என்று ஒருவர் கேட்டார். நாலு பேர்தான் வருகிறார்கள், ஏனென்றால் படி அப்படி இருக்கிறது.

அதனால் குமரி மாவட்டத்து நண்பர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். லைக் வேண்டாம். உங்கள் பூத் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவை டேப்போடு போய், படி எத்தனை, ராம்ப் எத்தனை அடி, கேட்டில் இருந்து வராந்தா வரை தரை எப்படி என்று பார்த்துப் பூத் எண்ணோடு கமெண்டில் போடுங்கள். உங்கள் வீட்டில் மாற்றுத்திறனாளி இருந்தால் பட்டியலில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் படிவம் 8 கொடுத்தால் சேர்ப்பார்கள், 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். எல்லாவற்றையும் தொகுத்து ஒரு திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் மனுவாகக் கொடுக்கப் போகிறேன். எங்கள் பூத்தின் அளவை முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன்.