ஒரு லட்சம் ஓடிய காருக்கு எது தேவை?

‘ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டினால் இன்ஜின் ஃபிளஷ் (ரசாயனம் ஊற்றி இன்ஜினின் உள்ளே படிந்த அழுக்கைக் கழுவுவது) கட்டாயம், பிரேக் ஆயில் அளவு குறையாத வரை மாற்ற வேண்டாம்’ என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு, இரண்டாவது ஆபத்தானதும் கூட.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். அளவு அப்படியே இருக்கும், தரம் இறங்கிவிடும். டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். சூட்டில் ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழ்கள் உண்டாகி, பெடலை மிதித்தாலும் பிரேக் சரியாகப் பிடிக்காது. போன வருஷம் நந்தி மலையிலிருந்து இறங்கும்போது என் பழைய ஸ்விஃப்ட்டின் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. அப்புறம் மூடியைத் திறந்து பார்த்தால், ஆயில் டிகாஷன் நிறத்தில் இருந்தது. அளவு சரியாகத்தான் இருந்தது! பெரும்பாலான கார்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும், பெரிய செலவும் இல்லை.

ஃபிளஷ் விஷயம் சுருக்கமாக: ஆயிலை நேரத்துக்கு மாற்றி வந்த இன்ஜினுக்கு அது தேவையில்லை. கார் கையேட்டின் அட்டவணையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் காரில் டைமிங் பெல்ட் (இன்ஜினில் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் பட்டை) இருந்தால், அந்தப் பணத்தை அதற்கு வையுங்கள். ஸ்விஃப்ட் டீசலில் அதற்குப் பதில் செயின், டஸ்டர் டீசலில் பெல்ட். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். பழைய கார் வாங்கியவர்கள், பெல்ட் மாற்றிய பில் கையில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.